தீட்டும் தொற்றும்: கொள்ளைநோய்க் காலத்து முகக்கவசத்தின் சமுதாய வரலாறு

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17-ஆம் நாள், புதுச்சேரி ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த மாகேயில் கொரோனா நோய் முதன்முதலாக ஒருவரிடத்தில் கண்டறியப்பட்டது. அதற்கு எட்டாம் நாள் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டு ஊர்களோடு பின்னிப் பிணைந்து கிடக்கும் புதுவையின் எல்லைச் சாலைகளில் தடுப்புகள் எழுந்தன. ஏப்ரல் 15 அன்று நடுவண் உள்துறை அமைச்சகம் பிறப்பித்த ஆணையின்படி, பொதுவிடங்களில் முகக்கவசம் அணிதல் எல்லாருக்கும் கட்டாயமாயிற்று. ஆளுநர் மாளிகையினரும் மீன் அங்காடியில் அமர்ந்திருந்த மூதாட்டியும் ஒரே வகைத் துணியினால் வாயையும் மூக்கையும் மூட வேண்டியவராயினர்.

அந்நாட்களில் நம் செவிகளில் அடிக்கடி விழுந்த கூற்று ஒன்று உண்டு. 'எட்ட நில், தொடாதே, வாயைப் பொத்திப் பேசு என்று நம் முன்னோர் வகுத்தது இதற்காகத்தானே? அன்று ஆசாரம் என்றதைத்தான் இன்று சுகாதாரம் என்கிறார்கள்' என்று கற்றவரும் கல்லாதவரும் பேசினர். நம் சபையார் சிலரும் அவ்வாறே பேசினர். இக்கூற்று உண்மையாயின், தீண்டாமையை எதிர்த்து நம் நாட்டில் நடைபெற்ற போராட்டமெல்லாம் ஓர் அறியாமையின் விளைவு என்றாகிவிடும். ஆகவே இதனை எளிதாகப் புறக்கணித்துவிட முடியாது. வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தல் வேண்டும். வாயை மூடுதல் என்னும் செயல் யாரால், யார் பொருட்டு, எந்த எண்ணத்தோடு செய்யப்பட்டது என்னும் வினாக்களை முன்வைத்து, புதுவையை நிலைக்களனாகக் கொண்டு இதனைக் காண்போம்.

1. வாய் புதைத்தல்

தமிழ் மக்களுக்கு வாயை மூடும் வழக்கம் புதியதன்று. அரசன் முன்னும் ஆசான் முன்னும் வாய் புதைத்து நிற்றல் பணிவின் அடையாளமெனப் பழைய இலக்கியங்கள் காட்டுகின்றன. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலும் இலங்கைக் கதிர்காமத்திலும் பூசை செய்வோர் இன்றும் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டே பூசை செய்கின்றனர். தம் மூச்சும் எச்சிலும் வழிபடு பொருளின்மேல் படலாகாது என்பதே அதன் கருத்து. பார்சி சமயக் குருமார் புனிதத் தீயின் முன் முகத்துணி அணிவதும் இக்கருத்துப் பற்றியதே. சமணருள் தானகவாசி, தேராபந்தி ஆகிய பிரிவுகளின் துறவியர் வாய்த்துணி அணிவதற்குக் காரணம் வேறு. காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் தம் மூச்சினால் துன்புறலாகாது என்னும் கொல்லாமை அறத்தை முன்னிட்டு அவர்கள் அதனை அணிகின்றனர்.

இவை யாவும் ஒருவர் தாமே விரும்பி மேற்கொள்ளும் மூடல்கள். இவற்றினின்று முற்றிலும் வேறான மூடல் ஒன்றும் நம் நாட்டில் இருந்தது. 'கைகட்டி, வாய்பொத்தி' என்னும் தொடரை அறியாத தமிழர் இலர். நிலவுடைமையாளர் முன் நின்று பேச நேர்ந்த உழைப்பாளி, தன் மூச்சு அவர்மேல் படாதிருக்கத் தன் கையாலேயே தன் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவனுடைய எச்சிலும் அவ்வாறே கருதப்பட்டது. பேஷ்வாக்கள் ஆண்ட காலத்துப் பூனாவில், தாழ்த்தப்பட்டோர் தம் எச்சில் தரையில் விழுந்து தீட்டாகாதபடி கழுத்தில் மட்கலம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அம்பேத்கர் 1936-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' என்னும் நூலில் எடுத்துரைக்கின்றார்.

உடலில் எதை அணியலாம், எதை அணியலாகாது என்பது குலவரிசையின் மொழியாகவே இருந்தது. பிரெஞ்சுப் புதுவையில் 1873-ஆம் ஆண்டு வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியர் அணியும் காலணியோடு நீதிமன்றத்துள் புகுந்தபோது தடுக்கப்பட்டார். அவர் பாரிசிலிருந்த உச்ச நீதிமன்றம் வரை முறையிட்டு வெற்றி கண்டார். கற்றறிந்த வழக்கறிஞருக்கே காலணியின் பொருட்டு இத்துணை போராட்டம் வேண்டியிருந்ததெனின், வாய்பொத்தி நின்ற உழவனின் நிலையை நாமே உய்த்துணரலாம்.

இதில் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. வாய்பொத்தி நின்ற உழவனுக்கு நோய் எதுவும் இல்லை. அவன் முன் அமர்ந்திருந்த உடைமையாளருக்குக் கடுங்காய்ச்சலும் இருமலும் இருந்தாலும் அவர் தம் வாயை மூட வேண்டுவதில்லை. தீட்டு என்பது மேலிருந்து கீழே செல்வதாக ஒருபோதும் கருதப்படவில்லை. கீழிருந்து மேலே செல்வதாகவே அது கருதப்பட்டது. நோயோ அவ்வாறு வரிசை பார்த்துச் செல்வதில்லை.

2. 1704: புதுவையில் மூச்சைக் குறித்த வழக்கு

மூச்சும் எச்சிலும் தீட்டென்னும் எண்ணம் திருச்சபைக்குள்ளும் புகுந்து பெரும் வழக்காயிற்று. அவ்வழக்கு நிகழ்ந்த இடமும் புதுவையே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

உரோமைத் திருச்சபையின் பழைய திருமுழுக்குச் சடங்கில், குருவானவர் முழுக்குப் பெறுவோர்மேல் ஊதுவதும், தம் உமிழ்நீரைத் தொட்டு அவர் செவியிலும் மூக்கிலும் தடவுவதும், நாவில் உப்பு இடுவதும் இடம்பெற்றிருந்தன. செவிடனாயிருந்தவனை ஆண்டவர் உமிழ்நீரால் தொட்டுக் குணமாக்கிய நிகழ்ச்சி (மாற்கு 7) உமிழ்நீர்ச் சடங்கிற்கு அடிப்படையாயிற்று. உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீடர்மேல் ஊதியதும் (யோவான் 20) நமக்கு ஈண்டு நினைவுக்கு வரும். மதுரை, கருநாடகப் பணித்தளங்களில் உழைத்த இயேசு சபைக் குருமார், உயர்குலத்துத் தமிழர் எச்சிலையும் பிறர் மூச்சையும் அருவருத்தனர் என்பதனால் இச்சடங்குகளைக் கைவிட்டிருந்தனர். தாழ்த்தப்பட்டோர் வீடுகளுக்குள் சென்று நோயாளிகளுக்கு அருட்சாதனம் வழங்குவதையும் தவிர்த்திருந்தனர். அவ்வீட்டிற்குள் சென்றவரை உயர்குலத்தார் தம்மிடம் அண்டவிடமாட்டார் என்னும் அச்சமே காரணம்.

போப்பு பதினோராம் கிளமெந்துவின் தூதராக 1703-ஆம் ஆண்டு நவம்பரில் புதுவை வந்திறங்கிய மேயார் தெ தூர்னோன், 1704 ஜூன் 23-ஆம் நாளிட்ட பதினாறு கூறுகளைக் கொண்ட ஆணையொன்றைப் பிறப்பித்தார். ஊதுதலும் உமிழ்நீர் தொடுதலும் உப்பிடுதலும் திருமுழுக்கில் விடப்படலாகாது என்றும், நோயுற்ற தாழ்த்தப்பட்டோரைக் குருமார் அவர்தம் வீடுகளிலேயே சென்று காண வேண்டும் என்றும் அவ்வாணை கூறிற்று. 'மலபார்ச் சடங்குகள்' என்னும் பெயரால் வரலாற்றில் அறியப்படும் இவ்வழக்கு நாற்பதாண்டுகள் நீடித்தது. போப்பு பதினான்காம் பெனடிக்டு 1744-இல் வெளியிட்ட ஆணையோடு அது ஒருவாறு முடிவுற்றது. அம்முடிவிலும் தாழ்த்தப்பட்டோருக்கெனத் தனிக் குருமாரை அமர்த்தும் ஏற்பாடு இடம்பெற்றிருந்தது. தீட்டைக் குறித்த அச்சம் விலகவில்லை. அதனைச் சுமக்கவெனத் தனி ஆட்கள் குறிக்கப்பட்டனர், அவ்வளவே.

மறு ஆண்டாகிய 1745-இல், புதுவைச் சம்பா கோவிலில் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவரைப் பிறரினின்று பிரித்து நின்ற சுவரைப் பற்றி எழுந்த பூசலையும், அச்சுவர் இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார்.

சீர்திருத்தத் திருச்சபையினராகிய நாம் இதனை அயலார் கதையாகப் படித்துவிட்டுப் போதல் தகாது. தூர்னோனின் ஆணை வெளிவந்த இரண்டாண்டுகளில், 1706 ஜூலை 9 அன்று, புதுவைக்குத் தெற்கேயுள்ள தரங்கம்பாடியில் சீகன்பால்குவும் புளுச்சோவும் வந்திறங்கினர். அவர்கள் வழியாக எழுந்த சபைகளிலும் குலவாரியான இருக்கைகள் நெடுங்காலம் நிலைத்தன. தாழ்த்தப்பட்டோர் வாய்வைத்த கிண்ணத்தில் தாம் அருந்துவதா என்னும் தடை திருவிருந்துப் பந்தியில் எழுந்தது. கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் 1833-இல் சாதி வேற்றுமையைச் சபையினின்று அறவே நீக்க வேண்டுமென்று சுற்றுமடல் விடுத்தபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் அதனை எதிர்த்து நின்றனர். உயிர்மூச்சை ஊதி மனிதனைப் படைத்த கடவுளைத் தொழுவோர், அயலானின் மூச்சுக்கு அஞ்சி விலகி நின்றனர் என்பதே இவ்வரலாறு நமக்குக் கூறும் துயரச் செய்தி.

3. மருத்துவர் தம் வாயை மூடிய நாள்

நோய்த்தடுப்புக்கான முகக்கவசம் முற்றிலும் வேறொரு வழியில் பிறந்தது. 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பிளேக்கு நோயாளரைக் கண்ட மருத்துவர் சிலர், நறுமணப் பொருள்கள் அடைத்த பறவை அலகு போன்ற முகமூடியை அணிந்தனர். நாற்றக் காற்றே நோயைத் தருகிறது என்று அக்காலத்தார் நம்பினர். அம்மூடி அணிந்தவரைக் காக்கவே அமைந்தது. எதிரில் கிடந்த நோயாளியை அது கருதவில்லை.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாஸ்டர், காக்கு ஆகியோரின் ஆய்வுகளால் நோய்க்கிருமிகளைப் பற்றிய அறிவு வளர்ந்தது. பேசும்போதும் இருமும்போதும் வாயினின்று தெறிக்கும் நுண்துளிகளில் கிருமிகள் உள்ளன என்பதைப் பிரெசுலாவு நகரில் கார்ல் புளூகே மெய்ப்பித்தார். அதே நகரத்து அறுவை மருத்துவராகிய மிக்குலிட்சு 1897-இல் மெல்லிய வலைத்துணியால் தம் வாயை மூடிக்கொண்டு அறுவை செய்யத் தொடங்கினார். அதே ஆண்டில் பாரிசில் பால் பெர்சே என்னும் மருத்துவரும் பல மடிப்புத் துணியை அணியலானார். தம் எச்சில் துளி நோயாளியின் புண்ணில் விழுந்து அவரைக் கொன்றுவிடுமோ என்பதே பெர்சேயின் அச்சம்.

இந்நிகழ்ச்சியின் சமுதாயப் பொருளை நாம் தவறவிடலாகாது. அறுவைக் கூடத்தில் கற்றவரும் அதிகாரமுடையவரும் மருத்துவரே. மேசைமேல் உணர்விழந்து கிடப்பவர் அங்குள்ளோரில் மிகவும் வலுவற்றவர். உயர்ந்தவர் தம் எச்சிலை ஐயுற்று, வலுவற்றவரின் பொருட்டுத் தம் வாயை மூடினார். 'வாய்பொத்தி நில்' என்று நம் ஊர்களில் நிலவிய ஒழுங்கு இங்கே தலைகீழாயிற்று. தீட்டைப் பற்றிய எண்ணத்தினின்று வளர்ந்த அறிவன்று இது. அதற்கு நேர்மாறான ஐயத்தினின்று பிறந்த அறிவு.

1896-இல் பம்பாயில் தோன்றிய பிளேக்கு இந்தியாவில் பல இலட்சம் உயிர்களைக் கொண்டது. கோவைப் பகுதியில் பிளேக்கு மாரியம்மன் கோயில்கள் எழுந்தன. அரசு 1897-இல் தொற்றுநோய்ச் சட்டத்தை இயற்றி, வீடுகளுக்குள் படையினரை அனுப்பிச் சோதித்தது. எனினும் முகக்கவசம் அப்போது பொதுமக்களிடையே பரவவில்லை. இந்தியாவில் பெரிதும் காணப்பட்டது நெறிகட்டும் பிளேக்கு. எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சி கடிப்பதால் அது பரவுகிறது என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் 1898-இல் கராச்சியில் கண்டறிந்தார். வாயை மூடுவதால் பூச்சிக்கடி நின்றுவிடாது.

1910-ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் தோன்றிய பிளேக்கு வேறு வகையினது, நுரையீரலைத் தாக்குவது. அதனை ஆராயச் சீன அரசு அனுப்பிய ஊ லியன்-தே, தமிழர் பலர் குடியேறிய பினாங்குத் தீவில் 1879-இல் பிறந்து கேம்பிரிட்சில் பயின்றவர். இந்நோய் மூச்சின் வழியே நேரடியாகப் பரவுகிறது என்று தெளிந்த அவர், வலைத்துணிக்கிடையே பஞ்சு வைத்து மடித்த எளிய முகக்கவசத்தை மருத்துவரும் பணியாளரும் நோயாளிகளும் அணிய வேண்டுமென்று வற்புறுத்தினார். தியென்சின் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த பிரெஞ்சு மருத்துவர் மேனி, வயதிலும் பணியனுபவத்திலும் மூத்தவர். முப்பத்தொரு வயதுச் சீன இளைஞர் ஒருவர் தமக்குக் கற்பிப்பதா என்று அவர் சினந்து பேசியதை ஊ லியன்-தே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். மேனி கவசமின்றியே நோயாளிகளைச் சோதித்தார். 1911 சனவரியில், சில நாட்களுக்குள் அந்நோயாலேயே இறந்தார். அதன்பின் ஆர்பின் நகரத்தார் அனைவரும் முகக்கவசத்தை நாடினர். ஏறத்தாழ 60,000 உயிர்களைக் கொண்ட அந்நோய் சில திங்களில் அடங்கிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் முக்தெனில் கூடிய பன்னாட்டுப் பிளேக்கு மாநாட்டிற்கு ஊ லியன்-தேயே தலைமை தாங்கினார்.

மேனியின் சாவு நம்மைப் புதுவைக்கே மீட்டுக் கொணர்கிறது. அவரைப் போன்ற பிரெஞ்சுக் குடியேற்ற நாட்டு மருத்துவரே புதுவையிலும் பணிபுரிந்தனர். 1823-ஆம் ஆண்டிலேயே அங்கு மருத்துவப் பள்ளி தோன்றியது உண்மை. இன்றைய ஜிப்மர் அதனையே தன் முன்னோடியாகக் கூறுகின்றது. ஆயினும் 1867-இல் மருத்துவர் உய்யே புதுவையின் உடல்நலத்தைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பே நகர மக்களை வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர் என மூவகையாகப் பிரித்தது. வெள்ளையர் பகுதிக்கும் தமிழர் பகுதிக்கும் நடுவே ஓடிய வாய்க்கால் நகரத்தைப் பிரித்தது போலவே, நலவாழ்வுக் கல்வியும் மக்களைப் பிரித்தே கண்டது. இனத்தின் உயர்வு தம்மைக் காக்குமென எண்ணுவது, குலத்தின் உயர்வு தம்மைக் காக்குமென எண்ணுவதன் உடன்பிறப்பே.

4. 1918-ஆம் ஆண்டுக் காய்ச்சல்

1918 ஜூனில் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கிய நச்சுக் காய்ச்சல், அவ்வாண்டின் பிற்பகுதியில் இந்தியாவெங்கும் பரவிற்று. ஒரு கோடியே இருபது இலட்சத்திற்குக் குறையாதோர் இந்நாட்டில் மாண்டனர் எனப் பிற்கால ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். சான்பிரான்சிசுக்கோ நகரம் அவ்வாண்டு அக்டோபரில் முகக்கவசத்தைச் சட்டமாக்கிற்று. அதனை எதிர்த்து 1919 சனவரியில் அங்கே ஒரு சங்கமே தோன்றியது. தனிமனித உரிமை பெரிதா, அயலானின் உயிர் பெரிதா என்னும் வழக்கு அன்றே தொடங்கிவிட்டது. சப்பானில் அரசே விளம்பரங்கள் வெளியிட்டு மக்களை முகக்கவசம் அணியத் தூண்டியது.

புதுவையோடு தொடர்புடைய இருவரின் வாழ்வில் அக்காய்ச்சல் தடம் பதித்தது. 1910 முதல் புதுவையில் வாழ்ந்துவந்த அரவிந்தரின் துணைவியார் மிருணாளினி தேவி, 1918 திசம்பரில் கல்கத்தாவில் அந்நோய்க்கு இரையானார். பின்னாளில் 'அன்னை' எனப் பெயர்பெற்ற மீரா அல்பாசா அக்காலத்தில் சப்பானில் இருந்தார். 1920 ஏப்ரலில்தான் புதுவைக்குத் திரும்பினார். தோக்கியோ நகர டிராம் வண்டியில் மூக்கின்மேல் துணி கட்டியிருந்த மக்களையும், அங்கே காற்றில் கலந்திருந்த அச்சத்தையும் அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்.

புதுவைக் கடற்கரையில், முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்துறந்தோரின் நினைவுச்சின்னம் நிமிர்ந்து நிற்கின்றது. அப்போரின் இறுதியாண்டில் காய்ச்சலால் மாண்டோருக்கு அத்தகைய சின்னம் எதனையும் நாம் காணவில்லை. நினைவு மறைந்தபடியால் படிப்பினையும் மறைந்தது எனலாம். 1994-இல் சூரத்து நகரில் பிளேக்கு அச்சம் எழுந்தபோது மக்கள் கைக்குட்டையால் முகத்தை மூடினர். சில வாரங்களில் அதுவும் மறக்கப்பட்டது.

5. 2020-க்குப் பின்

இந்தப் பின்னணியில்தான் கொரோனாக் காலத்தை நாம் எடைபோட வேண்டும். தொடக்கத்தில் உலகச் சுகாதார நிறுவனமே பொதுமக்கள் யாவரும் கவசம் அணிய வேண்டுமென்று கூறவில்லை. 2020 ஜூன் 5 அன்றுதான் தன் அறிவுரையை மாற்றிக்கொண்டது. நோயின் அறிகுறி தோன்றுமுன்னரே ஒருவர் பிறருக்கு நோயைத் தரக்கூடும் என்பது தெளிவானதே இம்மாற்றத்திற்கு முதன்மையான காரணம். தன்னை நலமுள்ளவனாகக் கருதுபவனும் அயலானுக்குத் தீங்காகலாம். எளிய துணிக்கவசம் அணிந்தவரைக் காப்பதைவிட, அவர் வாயினின்று தெறிக்கும் துளிகளைத் தடுத்து எதிரில் இருப்பவரைக் காப்பதில் மிகுதியும் பயன்படுகிறது. 'நீ எனக்குத் தீட்டு' என்னும் பழைய சொல்லிற்கு மாறாக, 'நான் உனக்குத் தீங்காகலாம்' என்று ஒவ்வொருவரும் ஒப்புக்கொள்வதே இக்கவசத்தின் பொருள்.

ஆயினும் தொற்று என்னும் அறிவு, அச்சம் மிகுந்தபோது விரைவில் தீட்டாக உருமாறியதையும் நாம் கண்டோம். 2020 ஏப்ரலில் சென்னையில், நோயால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கூட்டத்தார் தாக்கினர். அவ்வாண்டு ஜூனில் புதுவையில், தலைமுதல் கால்வரை கவசம் அணிந்த பணியாளர், நோயால் இறந்தவர் ஒருவரின் உடலைக் குழிக்குள் தூக்கி எறிந்த காட்சி நாடெங்கும் பரவி மக்களை வெட்கித் தலைகுனியச் செய்தது. அதன்பேரில் அரசு விசாரணைக்கு ஆணையிட்டது. முகம் மூடப்பட்டிருந்தது, அன்பு திறக்கப்படவில்லை. 'சமூக இடைவெளி' என்னும் தொடரே, தலைமுறை தலைமுறையாக எட்ட நிறுத்தப்பட்டவர்களின் செவியில் எவ்வாறு ஒலித்திருக்கும்? உலகச் சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே 'உடல் இடைவெளி' என்னும் சொல்லை மேற்கொண்டது. நம் அறிவிப்புப் பலகைகளிலும் சபை அறிவிப்புகளிலும் பழைய தொடரே நெடுநாள் நின்றது.

கவசத்தின் சுமையும் எல்லார்மேலும் ஒத்த அளவில் விழவில்லை. நாட்கூலி இழந்தவருக்கு அபராதம் ஒருவேளை உணவின் விலை. உதட்டசைவைக் கண்டே பேச்சை உணரும் செவிப்புலனற்றோர், வாய்கள் மூடப்பட்டதனால் இரண்டாம் முறை தனிமைப்பட்டனர். மருத்துவமனைக் கழிவை அகற்றியோரும் பிணம் சுட்டோரும் பெரும்பாலும் எக்குலத்தினர் என்பதை நாம் அறிவோம். புதுவையில் கொரோனாச் சிகிச்சைக்கென ஒதுக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கதிர்காமத்தில் உள்ளது. அங்கும் ஜிப்மரிலும் மருத்துவரும் செவிலியரும் துப்புரவுப் பணியாளரும் நீண்ட நேரம் கவசத்துள் வியர்த்தபடி உழைத்தனர். 2021 மே மாதமே அங்குக் கொடிய மாதமாயிற்று. புதுச்சேரி ஆட்சிப் பகுதியில் 1,900-க்கும் மேற்பட்டோர் இந்நோயால் உயிர்நீத்தனர். 2023 ஏப்ரலில் நோய் மீண்டும் தலைகாட்டியபோது பொதுவிடங்களில் கவசம் மறுபடியும் கட்டாயமாக்கப்பட்டது. நோய் தணிந்ததும் அத்தேவையும் நீங்கிற்று.

6. முடிவாக

இதுகாறும் கண்டவற்றால், ஆசாரமும் சுகாதாரமும் ஒன்றே என்னும் கூற்று வரலாற்றின் முன் நில்லாது என்பது தெளிவாகும். இரண்டையும் பிரித்தறிய மூன்று வினாக்கள் நமக்குத் துணைசெய்யும்.

முதலாவது, மூடுபவர் யார்? தீட்டின் ஒழுங்கில் எளியவர் மட்டுமே மூடுவர். தொற்றின் ஒழுங்கில் எல்லாரும் மூடுவர். மருத்துவரே முதலில் மூடினார். இரண்டாவது, யாருடைய நலனுக்காக? முன்னதில் உயர்ந்தவரின் தூய்மைக்காக; பின்னதில் வலுவற்றவரின் உயிருக்காக. மூன்றாவது, எதுவரை? தொற்றுக்கு முடிவுநாள் உண்டு. நோய் தணிந்தால் கவசம் கழற்றப்படும். தீட்டுக்கோ முடிவுநாள் இல்லை. அது பிறப்போடு வந்து இறப்பிற்குப் பின்னும் சுடுகாடுவரை தொடர்வது. கல்லறைத் தோட்டங்களிலும் குலவாரியாகப் பகுதி பிரித்த சபைகளுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

லேவியராகமம் 13-ஆம் அதிகாரம், தொழுநோயாளி தன் மேலுதட்டை மூடிக்கொண்டு பாளயத்துக்குப் புறம்பே தனித்து வாழ வேண்டுமென்று விதிக்கின்றது. தீட்டை நிலைநிறுத்த விரும்புவோர் இவ்விதியை எடுத்துக் காட்டக்கூடும். ஆனால் அடுத்த அதிகாரத்தையும் நாம் படிக்கக் கடமைப்பட்டவர்கள். அங்கே ஆசாரியன் தானே பாளயத்தைவிட்டு வெளியே சென்று அந்நோயாளியைக் காண்கின்றான்; அவன் நலம்பெற்றிருந்தால் அவனைத் திரும்பவும் உள்ளே சேர்க்கும் முறை விரிவாகக் கூறப்படுகின்றது. தனிமைப்படுத்தலுக்குத் திரும்புதல் என்னும் முடிவை அச்சட்டமே வைத்திருக்கின்றது. நற்செய்தியிலோ, தொழுநோயாளி மூடிய வாயோடு எட்ட நிற்கவில்லை. அருகில் வந்து பேசுகிறான். ஆண்டவர் கையை நீட்டி அவனைத் தொடுகின்றார்.

ஆகவே நாளை இன்னொரு கொள்ளைநோய் வருமாயின், சபை மேய்ப்பர் செய்யத்தக்கவை சில உண்டு. கவசம் அணியுமாறு மக்களுக்குக் கூறும்போது, அது அயலாரின் பொருட்டு என்பதை விளக்கிக் கூறுதல் வேண்டும். விலகி நிற்கும்படி சொல்லும் நாவே, அடக்க ஆராதனைக்கு ஆள் இல்லாத வீட்டிற்குச் செல்லவும் முன்வருதல் வேண்டும். கொரோனாவுக்குப் பின் திருவிருந்தில் தனிக் கிண்ணங்களை மேற்கொண்ட சபைகள், நோய் தணிந்த பின்னும் அவற்றைத் தொடர்வது எதன் பொருட்டு என்று தம்மைத் தாமே வினவிக்கொள்ளுதல் நன்று. தொற்றுக்கு அஞ்சியே எனின் அதில் குற்றமில்லை. 1833-இல் பொதுக் கிண்ணத்தினின்று விலகிய உதடுகளின் பழைய அருவருப்பு, புதிய காரணத்தைக் கூறிக்கொண்டு திரும்பி வந்திருக்குமாயின், அதனைக் கண்டறிந்து கூறும் பொறுப்பு நம்முடையது. இவ்வினாவை எழுப்பும் துணிவு மேய்ப்பருக்கும், அதனை எழுப்பக் கற்றுத்தரும் பொறுமை இறையியற் பள்ளிகளுக்கும் வாய்ப்பதாக.